குங்குமம் வைத்த சி.டி.

ஒரு வெள்ளித் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், மல்லிகைச் சரம். நடுவில் என் சி.டி. அதன் பளபளப்பான பக்கத்தில் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. பட்டையின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம்.

நான் தட்டைப் பார்த்தேன். கல்யாண மண்டபத்துக்காரரின் மனைவி மதாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாக்கீதா பாப்பா? பூவும் வச்சிருப்பேன், நடு ஓட்டையில நிக்கல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சி.டி.யில் பெயர் எழுதியிருக்கும் பக்கம் சும்மா அலங்காரம். வெறுமையாகப் பளபளக்கும் பக்கம் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைப் படிக்கும். இதை மதாமிடம் யார் சொல்வது? அவரைப் பொறுத்தவரை பளபளக்கிற பக்கம்தான் முகம். பொட்டை முகத்தில் வைக்காமல் முதுகிலா வைப்பார்கள்?

அந்த சி.டி.யில் இருந்தது நான் எழுதிய முதல் புரோகிராம். அது அன்றைக்கு அந்த மண்டபத்துக் கம்ப்யூட்டரில் ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் விழுப்புரத்து மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது.

எங்க கம்ப்யூட்டர்ல ஓடுது சார்

போன வாரம் இந்தப் பக்கத்தில் தனசேகர் சாரைக் கொஞ்சம் அதிகமாகவே வாரிவிட்டேன் என்று சிலர் குறைப்பட்டார்கள். மன்னிக்கவும். இந்த வாரமும் வாரத்தான் போகிறேன். மனுஷர் அப்படி இடம் கொடுத்திருக்கிறார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக்கடை மாடியில், தனசேகர் சார் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். காலையில் டைப்பிங் வகுப்பு, மாலையில் டேலி வகுப்பு. நடுவில் மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் அது 'சாஃப்ட்வேர் கம்பெனி'. அந்தக் கம்பெனியின் மொத்தப் பொறியாளர் பட்டாளமும் நான் ஒருத்திதான். ஆனால் சாரின் விசிட்டிங் கார்டில் 'எங்கள் குழு' என்று போட்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்கள். ஊரில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. அப்படி ஏற்ற வந்தவர்தான் முசே.

அவர் பெயர் ராமலிங்கம். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' என்பதால், பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊர் வழக்கப்படி, முத்தியால்பேட்டை முழுக்க அவர் முசே, அவர் மனைவி மதாம். மண்டபம் கட்டி வாடகைக்கு விட்டார். ஒரு முகூர்த்த நாளில் அவருடைய மேனேஜர் ஒரே மண்டபத்தை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டார். இரண்டு மாப்பிள்ளை, இரண்டு மேளம், வாசலில் இரண்டு வாழைமரத்துக்குப் பதில் நான்கு வாழைமரம். பாயசத்துக்கு நடந்த சண்டையில் ஒரு சித்தப்பாவுக்குப் பல் போனது. மறுநாளே முசே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, எங்கள் மாடி ஏறி வந்தார்.

"ஒரே வாரத்துல பண்ணித் தர்றோம் முசே," என்றார் சார், டீயை ஆற்றிக்கொண்டே. என்னைக் கேட்கவே இல்லை. நான் பல மாதம் உட்கார்ந்து எழுதினேன்.

எந்த நாள் காலி, எந்த நாள் பதிவாகிவிட்டது, மாப்பிள்ளை யார், பெண் யார், எத்தனை இலை. தேதியைத் தட்டினால் எல்லாம் வரும். ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுக்கவே கொடுக்காது. எங்கள் சென்டரில் அது ஜம்மென்று ஓடியது. சங்கடம் அங்கே அல்ல. அதை இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரில் குடியேற்றுவதில்தான்.

முதல் தடவை சாரே போனார். "இதுக்குப் போயி நீ எதுக்கும்மா?" என்று திரையில் இருந்த சின்னப் படத்தை அப்படியே இழுத்து ஒரு ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துப் போனார். அது புரோகிராம் அல்ல, அது இருக்கும் இடத்தைக் காட்டும் பெயர்ப்பலகை மட்டும். கடையின் பலகையைக் கழற்றிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் மாட்டினால் கடை கூடவே வந்துவிடுமா? முசே தட்டுகிறார், தட்டுகிறார், ஒன்றும் வரவில்லை.

"எங்க கம்ப்யூட்டர்ல ஓடுது சார்," என்றாராம் தனசேகர் சார்.

இரண்டாவது தடவை அசல் கோப்பையே கொண்டுபோனார். நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. அது போய், 'இன்ன துணைக் கோப்பு இல்லை' என்று நின்றுவிட்டது. கல்யாணத்துக்குச் சமையல்காரரை மட்டும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு அண்டா, கரண்டி, ஜாரணி எல்லாவற்றையும் பழைய வீட்டிலேயே விட்டுவந்தால் அவர் என்ன செய்வார், கையாலா கிளறுவார்? எங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பாத்திர பண்டமெல்லாம் முன்பே இருந்தது, அதனால் எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

அதற்கு சார் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. "எங்க கம்ப்யூட்டரையே ரிக்‌ஷாவுல ஏத்தி அனுப்பிடறேன் முசே, அதுல ஓடுது," என்றார்.

"அலோர், அப்ப என் கம்ப்யூட்டர என்னா பண்றது? ஊறுகா போடுறதா?" என்றார் முசே.

கடைசியில் என் வழிக்கு வந்தார்கள். சமையல்காரர், அண்டா, கரண்டி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, அதுவே தன்னைப் பிரித்து அடுக்கிக்கொள்ளும்படி ஒரு சி.டி. தயாரித்தேன்.

"இது மட்டும் அங்க ஓடட்டும் சுமதி, அன்னைக்கே உன்ன பர்மனன்ட் பண்றேன்," என்றார் சார். இரண்டு வருஷமாக நான் 'டிரெய்னி'. என்னிடம் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாம் சென்னைக்குப் போய் வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

ரசம் ஊத்திக்க

அதே சமயத்தில் ஊரின் இன்னொரு மூலையில், கதிர்காமத்தில், எங்கள் வீட்டில் இன்னொரு புரோகிராம் தயாராகிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் என் பெரியப்பா.

அப்பா மில்லில் இருந்தவர். மில் படுத்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை. அதிகம் பேசமாட்டார். அண்ணன் சொன்னால் தலையாட்டுவார். பெரியப்பா விழுப்புரத்தில் ஒரு அரிசிக்கடை மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல குடும்பமாம், மாடி வீடாம், ஒரே ஒரு நிபந்தனையாம்: பெண் வேலைக்குப் போகக்கூடாது.

நான் வேண்டாம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"சரி சரி, ரசம் ஊத்திக்க," என்றாள் அம்மா.

"வெக்கப்படுது புள்ள," என்றார் பெரியப்பா.

அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம் பாக்கலாம்," என்றார். பார்க்கலாம் என்றால் எதைப் பார்க்கலாம்? யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். எங்கள் வீட்டு ரேடியோவில் கடல் நிலவரம் சொல்லும்போது எப்படி எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார்கள்.

எனக்கு இருந்த ஒரே பிடி அந்த நிரந்தர வேலைதான். கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு, "பாருப்பா, நான் சும்மா ஒண்ணும் போயி வரல," என்று காட்டினால் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சரி, தட்டுக்கு வருவோம். குங்குமம் காய்ந்துகொண்டிருக்கிறது.

மதாம் மனசு நோகாமல்

"மதாம், இதைக் கழுவணும்," என்றேன்.

"ஐயையோ! பூஜ பண்ணத கழுவுவாங்களா?"

சார் உடனே என் காதில், "அப்படியே போட்டுப் பாரேன், சந்தனம்தானே, குளிர்ச்சி," என்றார். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர் பேச்சு!

நான் ஒரு பொய் சொன்னேன். சி.டி.க்கு அபிஷேகம் பாக்கி இருக்கிறது என்றேன். மதாம் முகம் மலர்ந்துவிட்டது. அவரே என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போய் சொம்பில் தண்ணீர் ஊற்றினார். நான் ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து, விரல் நுனியால், குழந்தைத் தலையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். மதாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார். சந்தனம் போனது. குங்குமம் போகாமல் அடம்பிடித்து, பிறகு அதுவும் போனது. துப்பட்டாவால் ஒற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டிருந்தார்கள். காற்று வரும் ஓட்டைக்கு மேலேயே எலுமிச்சம்பழம். அவற்றை விலக்கிவிட்டு சி.டி.யை உள்ளே தள்ளினேன். அது 'உர்ர்' என்று சுற்றியது, நின்றது, திரும்பவும் சுற்றியது. பிறகு நீலத்திரை வந்து ஆங்கிலத்தில் 'வருக' என்றது.

அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து என்று தட்டிக்கொண்டே போனேன். முசே மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்னா பாப்பா, அது கேக்கறதுக்கெல்லாம் சம்மதம் சம்மதங்கற? படிச்சுப் பாக்க மாட்டியா?"

"படிச்சா ராகு காலம் வந்துடும் முசே."

பிரெஞ்சு வெர்ஷன்

புரோகிராம் திறந்தது. திரை முழுக்க என் புரோகிராம். ஆனால் தமிழைக் காணோம்.

'திருமண மண்டபம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் தலையில் புள்ளியும் கோடும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்துகள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் தமிழுக்குப் பதில் இப்படிக் கன்னாபின்னாவென்று வரும். மூட்டையில் எல்லாவற்றையும் கட்டினேன், எழுத்துருவை விட்டுவிட்டேன். என் கம்ப்யூட்டரில் எப்போதும் இருந்ததால் அது தனியாக இருக்கும் ஒன்று என்றே தோன்றவில்லை. தனசேகர் சாரைக் கிண்டல் செய்த வாய் அடைத்துக்கொண்டது.

சார் அசரவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, "உங்களுக்காகவே ஸ்பெஷலா பிரெஞ்சு வெர்ஷன் முசே!" என்றார்.

முசே திரைக்கு மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரனிடம் சம்பளம் வாங்கியவர். உதட்டை அசைத்து ஒரு வரி படிக்க முயன்றார். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"இன்னா மேன் இது? பிரெஞ்சும் இல்ல, ஒரு எழவும் இல்ல. பாரீசுல இப்டி பேசுனா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவான்."

"புது பிரெஞ்சா இருக்கும் முசே," என்றார் சார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நல்லவேளை, எழுத்துரு ஒரு ஃப்ளாப்பியில் என் கைப்பையில் கிடந்தது. போட்டேன். புரோகிராமை மூடித் திறந்தேன். கொம்பும் புள்ளியும் உதிர்ந்து, 'திருமண மண்டபம்' என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. மதாம் கைதட்டினார். முசே, "வுவாலா!" என்றார். சார் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார், அவரே எழுதிய மாதிரி.

பத்து மணி ஆகியிருந்தது. வேலை நிரந்தரம். எனக்கு அப்படியே எழுந்து ஆடலாம் போல இருந்தது.

போணி

"அடுத்தது போணி," என்றார் முசே. புதுக் கடையில் முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்க வேண்டும் என்று நினைப்பவர். முதல் பதிவு ஒரு நிஜக் கல்யாணமாக, ராகு காலத்துக்கு முன்னால் விழ வேண்டும் என்பது அவர் ஆசை.

"அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்," என்றார் சார், வாசலைப் பார்த்துக்கொண்டு. "சர்ப்ரைஸ்!"

வாசலில் பெரியப்பா. அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில், அப்பா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா ஏன் இங்கே வருகிறார்? பிறகு பெரியப்பா கையில் மண்டப அட்வான்ஸோடு இருந்த மஞ்சள் பையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: சார் எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறார்.

"சாஃப்ட்வேர் எழுதின பொண்ணோட கல்யாணமே சாஃப்ட்வேர்ல முதல் பதிவு! எப்டி ஐடியா?" என்று சார் முசேயின் தோளைத் தட்டினார். நான் கல்யாணமாகிப் போனால் அவருடைய 'குழு'வில் ஆள் பூஜ்யம் என்பதுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

"தை மாசம், நாள் குறிச்சாச்சு," என்றார் பெரியப்பா. "எழுதும்மா. உன் கையாலயே எழுது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் இரவும் பகலும் எழுதியது இதற்கா? என் கழுத்துக்கு நானே அளவெடுக்கவா? இருந்தாலும் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், மதாம் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். தேதியைத் தேர்ந்தெடுத்தேன். மாப்பிள்ளை பெயரைத் தட்டினேன். இலை எண்ணிக்கையைப் பெரியப்பா சொல்லச் சொல்லத் தட்டினேன். மணப்பெண் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நகரவில்லை. அதைக் காலியாக விட்டுவிட்டுப் 'பதிவு' என்பதை அழுத்தினேன்.

'டிங்' என்றது.

சிவப்புப் பெட்டி ஒன்று திரையின் நடுவில் வந்து நின்றது. மேலே பெரிய எழுத்தில்: பதிவு செய்ய இயலாது. அடியில் பொடி எழுத்தில் காரணம்: மணப்பெண் பெயர் இல்லை.

பெயர் விட்டுப்போனால் பதியக்கூடாது என்று அந்தப் பெட்டியை எழுதியதே நான்தான். ஆனால் அங்கே நின்ற ஒருத்தரும் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

"இயலாதாமே!" என்றார் பெரியப்பா.

"இன்னொரு தபா அழுத்து," என்றார் முசே. அழுத்தினேன். டிங்.

"பேரு எழுதல," என்றேன். "என் பேர எழுத மாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

வாயைத் திறந்து, தெளிவாக, நாலு பேர் முன்னால் சொன்னேன். அதே நேரத்தில் மதாம், "அடி ஆத்தாடி, போணிக்கே முடியாதுன்னு வருதே!" என்று நெஞ்சில் கை வைத்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

பெரியப்பா முகம் வெளிறிவிட்டது. அவர் பல்லி கத்தினால் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர். பூனை குறுக்கே போனால் வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். பல்லிக்கும் பூனைக்கும் இருந்த மரியாதை அன்றுமுதல் கம்ப்யூட்டருக்கும் கிடைத்தது.

"அது சும்மா சொல்லாது," என்றார் முசே. "ரெண்டு கல்யாணத்த ஒரே நாள்ல போட்டப்ப இது இருந்திருந்தா அன்னைக்கே சொல்லிருக்கும்."

"பாத்தீங்களா!" என்றார் சார், பளிச்சென்று. "தப்பான எதையும் எங்க சாஃப்ட்வேர் உள்ள வுடாது!"

பெரியப்பா மஞ்சள் பையை இறுக்கிக் கட்டினார். "வேணாம்டா தம்பி. ஆரம்பமே அபசகுனமாக்கீது. விழுப்புரத்துக்கு நான் சொல்லிக்கிறேன்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். நான் தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கதறியும் அசையாத கல்யாணம் ஒரு 'டிங்'கில் நின்றுபோனது.

ராகு காலம் நெருங்கிவிட்டதே என்று முசே தவித்தார். நல்லவேளையாக ஒரு காதுகுத்துக் குடும்பம் மண்டபம் கேட்டு வந்து சேர்ந்தது. அதற்கும் சிவப்புப் பெட்டி வந்தது. வராமல் என்ன செய்யும், காதுகுத்துக்கு மணப்பெண் ஏது? காது குத்தும் குழந்தையின் பெயரை மணப்பெண் கட்டத்திலும் தாய்மாமன் பெயரை மாப்பிள்ளை கட்டத்திலும் போட்டேன். பதிவானது. முசேவுக்குப் பரம திருப்தி. அந்தக் கோளாறைச் சத்தம்போடாமல் அடுத்த வாரம் போய்ச் சரிசெய்தேன்.

டி.வி.எஸ். ஃபிஃப்டியில்

பெரியப்பா பஸ்ஸில் போய்விட்டார். அப்பாதான் என்னைச் சென்டரில் விடுகிறேன் என்றார். சைலன்சர் ஓட்டையான டி.வி.எஸ். ஃபிஃப்டி. அது கிளம்பினால் தெருவில் நாய்கூட வழிவிடும்.

எனக்குச் சந்தோஷமா? இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னைக் காப்பாற்றியது நான் இல்லையாம். ஒரு சிவப்புப் பெட்டியாம். அதற்குக் காதுகொடுத்தவர்கள் எனக்கு ஒரு நாள் கொடுத்தார்களா?

மார்க்கெட் தாண்டிய பிறகு அப்பா பேசினார். வண்டிச் சத்தத்தில் கத்தித்தான் பேசினார்.

"அந்தப் பொட்டி தானா சொல்லுச்சா, இல்ல நீ சொல்ல வச்சியா?"

"நான்தான்பா. என் பேர எழுதாம வுட்டேன்."

அப்பா ஒரு பள்ளத்தை ஒதுக்கி வண்டியை வளைத்தார்.

"வாயால சொல்லலாம் இல்ல?"

"சொன்னேன்பா!" நானும் கத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சோறு துன்ற நேரமெல்லாம் சொன்னேன். அங்கயும் சொன்னேன். நீ எலுமிச்சம்பழத்தப் பாத்துக்கினு இருந்த."

அப்பா வண்டியை ஓரமாக, ஒரு பூட்டிய கடையின் முன்னால் நிறுத்தினார். இறங்கி ஸ்டாண்டு போட்டார். இஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் தெருவே நின்றுபோன மாதிரி இருந்தது. என் பக்கம் திரும்பி நின்றார்.

"இப்ப சொல்லு," என்றார்.